பழைய காரும் புதிய வீதியும்

யாழ்ப்பாணத்துக்கு முதன்முறையாக வரும் வெளியூர் அன்பர்கள், நம் வீதிகளில் ஓடும் பழைய ஆங்கிலக் கார்களைக் கண்டு வியந்து நிற்பதை நேயர்கள் பலமுறை பார்த்திருப்பீர்கள். மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட், 'ஏ போட்டி' என்று நாம் செல்லமாக அழைக்கும் ஒஸ்ரின் ஏ 40 ஆகிய இக்கார்கள், தாம் பிறந்த நாட்டிலே பெரும்பாலும் கண்காட்சிப் பொருள்களாகிவிட்டன. இங்கோ அவற்றுட் சில இன்றும் கல்யாண வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆள் ஏற்றிச் செல்கின்றன.

இவை இத்துணைக் காலம் நிலைத்தமைக்கு நம்மவரின் பற்று ஒரு காரணம். இல்லாமை மற்றொரு காரணம். 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் புதிய கார்களின் இறக்குமதி சுருங்கிற்று. 1977க்குப் பின்னர் யப்பானியக் கார்கள் தாராளமாக வரத் தொடங்கினவாயினும், சில ஆண்டுகளில் யுத்தம் மூண்டது. 1990 முதற்கொண்டு குடாநாட்டுக்குப் பெற்றோலும் பற்றறியும் உதிரிப்பாகங்களும் வருதல் தடைப்பட்டது. சில துளி பெற்றோல் ஊற்றி இயந்திரத்தை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டிய அனுபவம் நம்மிற் பலருக்கு உண்டு. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு, எங்கள் வீட்டு மொறிஸ் மைனர், மூட்டை முடிச்சுகளையும் முதியவர்களையும் சுமந்துகொண்டு நாவற்குழிப் பாலத்தை நோக்கி, நடக்கும் மனிதனிலும் மெதுவாக ஊர்ந்தது. அதன் சுக்கானில் எவ்வளவு தளர்ச்சி இருக்கிறது என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 2009க்குப் பின்னர் கண்டி வீதியும் பருத்தித்துறை வீதியும் பிறவும் காப்பெற் வீதிகளாயின. குழிகளுக்கு இடையே 20 மைல் வேகத்தில் தவழ்ந்த பழைய கார், இன்று 50 மைல் வேகத்தில் ஓடுகிறது. பின்னால் வருகின்ற சொகுசு பஸ் அதனை அவ்வேகத்துக்கு விரட்டுகிறது என்றாலும் தவறில்லை. வீதி புதிதாயிற்று, கார் பழையதாகவே இருக்கிறது. இவ்விரண்டையும் எவ்வாறு பொருத்துவது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நான் இயந்திரக் கல்வி பெற்றவன் அல்லேன். வரலாறும் தமிழும் கற்று, பாடசாலையிலே காலம் கழித்தவன். தந்தையார் விட்டுச் சென்ற மைனரைக் காப்பாற்ற வேண்டிய கடமையே இவ்விடயத்தை எனக்குக் கற்பித்தது. சில ஆண்டுகளுக்கு முன், ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் விடுமுறைக்கு வந்தபோது காரை ஓட்டிப் பார்த்தான். வல்லை வெளி தாண்டி ஒரு முடக்கில் திரும்புகையில் கார் ஒரு பக்கம் சாய்ந்தது. வீடு வந்ததும், "மாமா, முன்னுக்கு ஒரு மொத்தமான ஸ்ரபிலைசர் கம்பி போட்டால் கார் இப்பிடிச் சாயாது. ஸ்ரியறிங்கையும் விரைவாய்த் திரும்புறதாய் மாத்துவம். இரண்டையும் நான் அனுப்பிவிடுறன்" என்றான். எனக்கும் ஆசை உண்டாயிற்று. விலைப்பட்டியலைப் பார்க்கத் தொடங்கினோம்.

பட்டியலைப் பார்க்குமுன் காரை அறிந்திருக்க வேண்டும். மொறிஸ் மைனர் 1948இல் இலண்டனில் நடைபெற்ற மோட்டார்க் கண்காட்சியில் அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னாளில், 1959இல், மினி காரை உலகுக்கு அளித்தவரும் அவரே. உற்பத்திக்குச் சிறிது முன்னர், மாதிரிக் காரின் அகலம் போதாது என்று அவருக்குத் தோன்றியது. உடனே காரை நெடுக்குவாட்டில் இரண்டாக அறுத்து, பாதிகளை விலக்கி வைத்துப் பார்த்து, நான்கு அங்குலம் கூட்டினார். மைனர் வைத்திருக்கும் நேயர்கள் அதன் முன் மூடியை உற்று நோக்கினால், நடுவே ஒரு தட்டையான பட்டி ஓடுவதைக் காணலாம். கூட்டிய நான்கு அங்குலத்தின் அடையாளம் அது. சில்லுகள் அகன்று நின்றால் கார் சாய்வது குறையும் என்ற உண்மையை அக்கார் தன் நெற்றியிலேயே எழுதி வைத்திருக்கிறது.

அதன் சுக்கான் அமைப்பும் அக்காலத்துக்கு மிகச் சிறந்தது. பற்கள் வெட்டிய ஒரு நீண்ட சட்டம், அதன்மேல் உருளும் ஒரு சிறு பற்சக்கரம், இவ்வளவே. நம் மெக்கானிக்மார் இதனை 'றாக்' என்பர். கை திரும்பினால் சில்லு உடனே திரும்பும். இவ்வமைப்பிலிருந்து பெறப்பட்ட றாக்கே 1958இல் வெளிவந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைற் என்னும் விளையாட்டுக் காருக்கும், 1961இல் வந்த எம். ஜி. மிட்ஜெற்றுக்கும் பயன்பட்டது. நுவரெலியாவிலே 1934இல் தொடங்கிய மகாகஸ்தொட்ட மலையேற்றப் பந்தயம் போன்றவற்றில் ஓடும் இன விளையாட்டுக் கார்களுக்கும், நம் வீட்டு மைனருக்கும் இவ்வாறு ஓர் உறவு உண்டு. பட்டியல்களில் காணும் பொருள்களும் ஆலோசனைகளும் பெரும்பாலும் அத்தகைய விளையாட்டுக் கார்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்டவை. அவை தாழ்ந்தவை, இருவர் மட்டும் அமர்பவை. நம் காரிலோ ஐவர் ஏறுவர். பின்பெட்டியில் பலாப்பழமும் ஏறும். இவ்வேறுபாட்டை மறந்து வாங்கினால் பணமும் போகும், பாதுகாப்பும் போகும்.

நாங்கள் பட்டியல் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாள்களிலேயே ஒரு சம்பவம் நடந்தது. ஒரு மாலைப் பொழுது என் தாயாரைக் கோயிலிலிருந்து அழைத்து வந்துகொண்டிருந்தேன். எங்கள் ஒழுங்கைக்குள் நடை வேகத்தில் திரும்பும்போது 'மடக்' என்று ஓர் ஓசை எழுந்தது. முன் வலப் பக்கம் நிலத்தில் இருந்தது. இறங்கிப் பார்த்தால், வலச் சில்லு காருக்கு அடியிலே மடிந்து கிடந்தது. தாயாருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால், அதற்கு முந்திய வாரம் அதே காரில், அதே தாயாருடன், வல்லை வெளியை 50 மைல் வேகத்தில் கடந்திருந்தேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

நடந்தது யாது? மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றும் ஒரு நிமிர்ந்த கிங் பின்னில் நிற்கிறது. அப்பின்னின் மேலும் கீழும் திருகாணியைப் போலப் புரி வெட்டப்பட்டு, உரிய உறைகளுக்குள் அது திருகப்பட்டிருக்கும். சுக்கானைத் திருப்புந்தோறும் பின் தன் புரியிலே சிறிது ஏறி இறங்கும். காரின் பாரம் கீழ்ப் புரியிலே தொங்குகிறது. கிறீஸ் குறைந்து மணல் புகுந்தால் புரி தேயும். தேய்ந்து முடிந்த நாளில் பின் உறையைவிட்டுக் கழன்றுவிடும். சுக்கானை முற்றாகத் திருப்பும் வேளையிலே, அஃதாவது மெதுவான வேகத்திலே, இது பெரும்பாலும் நிகழ்வது நம் நல்வினை. தந்தையார் ஆயிரம் மைலுக்கு ஒரு முறை தம் கையாலேயே கிறீஸ் அடிப்பார்; அதனை ஒரு கொப்பியிற் குறித்தும் வைப்பார். அக்கொப்பி காரின் தட்டிலேயே கிடந்தது. என் காலத்தில் அதில் ஒரு வரியும் எழுதப்படவில்லை. தவறு என்னுடையதே.

காரைப் பார்க்க வந்த முதிய மெக்கானிக் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "சேர், இருக்கிறது சரியோ எண்டு பார்க்காமல் புதுசு பூட்டக் கூடாது" என்று மட்டும் சொன்னார். இந்தப் பேச்சின் சாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும்.

ஆகவே, முதற் படி பரிசோதனை. முன் சில்லை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பின்னர் ரயருக்கு அடியில் ஒரு நெம்புகோலை வைத்து மெல்ல உயர்த்துங்கள். சில்லு தனியே மேலெழுந்தால் புரி தேய்ந்துவிட்டது என்க. அடுத்து, இரு பக்கமும் பிடித்து ஆட்டினால் ரை றொட் மூட்டுகளின் தளர்ச்சி வெளிப்படும். றாக்கின் இரு முனைகளிலும் உள்ள றப்பர் உறைகள் நம் வெயிலில் வெடிக்கும். வெடித்த உறை வழியே எண்ணெய் ஒழுகி, மணல் புகும். மைனரின் றாக்குக்கு வேண்டியது கியர் எண்ணெய். இவற்றையெல்லாம் சரிசெய்த பின், முன் சில்லுகளின் உள்நோக்கிய சாய்வை, கைந்நூல் கூறும் ஓர் அங்குலத்தின் 32இல் மூன்று பங்குக்கு அமைக்க வேண்டும். நெம்புகோல் வடிவான அதன் ஷொக் அப்சோபர்களில் எண்ணெய் உண்டா என்று பார்க்க வேண்டும். நான்கு ரயர்களும் ஒரே வகையினதாக இருத்தல் வேண்டும். முன்னே ஒரு வகை, பின்னே ஒரு வகை கூடாது. 'சுக்கான் சரியில்லை' என்று வரும் முறைப்பாடுகளிற் பெரும்பாலானவை இந்த எல்லைக்குள்ளேயே தீர்ந்துவிடும்.

இதற்குப் பின்னரும் மேம்பாடு வேண்டுமெனில், சுக்கானில் தெரிவு மூன்று. முதலாவது, பழைய றாக்கையே புதுப்பித்தல். மைனர் றாக் தன் இயல்பிலேயே விரைவானது. ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு மூன்று சுற்றும் வேண்டா. நம் போன்றோருக்கு இதுவே போதும் என்பது என் முடிவு. இரண்டாவது, விரைவு றாக். கையின் சிறு அசைவுக்கும் சில்லு அதிகம் திரும்பும். ஆனால் இயற்கை எதனையும் இலவசமாகத் தருவதில்லை. திருப்பும் தூரம் குறைந்தால் திருப்பும் பாரம் கூடும். துலாவின் அச்சுக்கு அண்மையில் பிடித்து இழுப்பவனுக்குக் கை வலிப்பதைப் போன்றதே இது. இதனோடு, அழகுக்காகச் சிறிய சுக்கான் வளையத்தையும் பூட்டினால், நல்லூர்த் திருவிழாக் கூட்டத்தில் கார் நிறுத்துவது ஒரு தேகாப்பியாசமாகிவிடும். மேலும், புதிய றாக்கின் உயரம் பழையதிலிருந்து சிறிது மாறினாலும், சில்லு மேலும் கீழும் அசையுந்தோறும் தானாகவே திரும்பத் தொடங்கும். மதவு ஒன்றில் ஏறி இறங்கினால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

மூன்றாவது, மின் துணைச் சுக்கான். ஒரு சிறு மோட்டார் கைக்கு உதவுகிறது. தோள் வலியுள்ள முதியோர்க்கு இது உண்மையான வரம். எனினும் அதன் பசி பெரிது. கார் நிற்கும்போது சுக்கானைத் திருப்பினால், அம்மோட்டார் 30 அம்பியருக்கு மேலும் இழுக்கக்கூடும். மைனரின் பழைய டைனமோ முழு வேகத்திலும் ஏறத்தாழ 20 அம்பியரே தரவல்லது. எனவே ஓல்ட்ரனேற்றர் பூட்ட வேண்டும். அது மட்டுமன்று. மைனரில் பற்றறியின் நேர் முனை காரின் உடலோடு தொடுக்கப்பட்டிருக்கிறது. இக்காலக் கருவிகளுக்கு மறை முனை உடலோடு இருக்க வேண்டும். ஆதலால் மின்னமைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். ஒன்றை வாங்கப் போய் மூன்றை வாங்கிய கதை இதுவே.

இனி, ஸ்ரபிலைசர் கம்பி. மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இக்கம்பி அதில் இருக்கவில்லை. இடச் சில்லின் கையையும் வலச் சில்லின் கையையும் காருக்குக் குறுக்கே இணைக்கும் ஒரு வில்லுருக்குக் கம்பி இது. இதன் தொழிலை விளங்கிக்கொள்ள ஈரச் சேலை பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் இரு முனைகளைப் பிடித்து ஒரே பக்கமாகத் திருப்பினால் சேலை முறுகாது. எதிரெதிராகத் திருப்பினாலே முறுகும். அவ்வாறே, இரு சில்லுகளும் ஒருங்கே மேடேறினால் கம்பி சும்மா சுழலும். வளைவில் ஒரு சில்லு தாழ்ந்து மறு சில்லு உயரும்போதே முறுகி, அந்தச் சாய்வை எதிர்க்கும்.

இங்கே மூன்று செய்திகளை மனத்திற் கொள்ள வேண்டும். ஒன்று: இக்கம்பி ரயரின் பிடியைக் கூட்டுவதில்லை. வளைவிலே உட்புறச் சில்லிலிருந்து வெளிப்புறச் சில்லுக்குப் பாரம் மாறுவதையும் இது நிறுத்துவதில்லை. அம்மாற்றத்தின் எப்பங்கை முன் சில்லுகள் ஏற்பது, எப்பங்கைப் பின் சில்லுகள் ஏற்பது என்பதையே மாற்றுகிறது. முன்னே தடித்த கம்பி பூட்டினால், முன் சில்லுகள் முதலில் பிடி இழக்கும். கார் வளைவிலிருந்து அகன்று நேரே போக முனையும். சாரதி வேகத்தைக் குறைத்தால் மீளும். பின்னே மட்டும் பூட்டினால், வால் முதலில் வழுக்கும். மாரி மழையில் வால் வழுக்கிய காரை மீட்பது பயின்றவர்க்கும் அரிது. ஆகவே பின்னே மட்டும் பூட்டுவது நமக்கு ஆகாது. பூட்டினால் முன்னே, அதுவும் மெல்லியதாக.

இரண்டு: கம்பியின் வலிமை அதன் தடிப்பின் நான்காம் அடுக்காகப் பெருகும். பழைய சிறு கார்களுக்கு விற்கப்படும் கம்பிகளில் 16இல் 9 பங்கு அங்குலம், 8இல் 5 பங்கு அங்குலம், முக்கால் அங்குலம் என்னும் தடிப்புகள் உண்டு. கண்ணுக்கு இவற்றின் வேறுபாடு அற்பம். ஏனைய அளவுகள் ஒத்திருந்தால், இரண்டாவது முதலாவதிலும் ஒன்றரை மடங்கு விறைப்பானது. மூன்றாவதோ மூன்று மடங்குக்கும் மேல். 'சிறிது மொத்தமாக இருக்கட்டும்' என்று கடையிற் சொல்பவர், தாம் எவ்வளவு கேட்கிறார் என்பதை அறியாமலே கேட்கிறார்.

மூன்று: ஒரு சில்லு மட்டும் குழியில் விழும்போது இக்கம்பி மறு சில்லையும் உலுப்பும். காப்பெற் வீதியில் இது தெரியாது. நம் பயணம் அவ்வீதியில் முடிவதில்லையே! ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும். அங்கே கல்லும் குழியும் உண்டு. தடித்த கம்பியோடு அங்கே செல்வது, பின்னால் இருக்கும் முதியவரின் முதுகெலும்புக்குச் செய்யும் தண்டனை. பந்தயத் திடலில் ஓடுபவனுக்கு இக்கவலை இல்லை.

கடல் காற்று வீசும் நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. மைனருக்குத் தனிச் சட்டகம் இல்லை. உடலும் அடிக்கால்களும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. கம்பியைத் தாங்கும் பூட்டுகள் அவ்வடிக்கால்களில் முடுக்கப்படுகின்றன. மேலே பூச்சு மினுங்கினாலும் உள்ளே துருவேறியிருக்கலாம். சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, 'கண்' என்று ஒலிக்காமல் 'பொத்' என்று ஒலிக்கும் இடத்தில் எதனையும் முடுக்காதீர்கள். முதலில் தகரத்தை வெட்டி, ஒட்டி, உறுதியாக்குங்கள். செய்யும் மாற்றங்களைக் காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவித்து வைப்பதும் நன்று.

நாங்கள் செய்ததைக் கூறி முடிக்கிறேன். இரு பக்கமும் புதிய கிங் பின்களும் உறைகளும் பூட்டினோம். றாக்கைப் புதுப்பித்து, மூட்டுகளை மாற்றி, நான்கு ரேடியல் ரயர்கள் வாங்கினோம். ஆறு மாதம் அவ்வாறே ஓட்டினேன். மருமகன் முதலிற் சொன்ன சாய்வில் பெரும்பகுதி ஷொக் அப்சோபரின் வெறுமையாலும் ரயர்களின் கிழத்தன்மையாலும் வந்ததே என்று தெரிந்தது. எஞ்சியதற்காகப் பின்னர் முன்னே 16இல் 9 பங்கு அங்குலக் கம்பி ஒன்று பூட்டினோம். விரைவு றாக்கும் மின் துணையும் வாங்கவில்லை. மொத்தச் செலவு, மருமகன் முதலில் போட்ட கணக்கிற் பாதிக்கும் குறைவு.

அடுத்த விடுமுறையில் அவன் வந்தபோது, தாயாரைப் பின்னால் இருத்தி, வல்லை வெளி வழியாகப் பருத்தித்துறைக்குப் போனோம். காற்று பலமாக வீசிற்று. அவன் சுக்கானை இரு விரலாற் பிடித்துக்கொண்டு, "மாமா, இது வேறை கார்போலை கிடக்கு" என்றான். அதே கார்தான் என்றேன். வீடு திரும்பியதும், கிறீஸ் துப்பாக்கியை அவன் கையிலே கொடுத்தேன். முழங்கைவரை கரியாக்கிக்கொண்டு எழுந்தவன், தந்தையாரின் கொப்பியைத் தட்டிலிருந்து எடுத்து, அன்றைய மைற்கணக்கையும் தேதியையும் அவரது கடைசி வரிக்குக் கீழே எழுதி வைத்தான்.

பழைய கார் வைத்திருக்கும் நேயர்கள், பட்டியலைத் திறக்குமுன் இன்றே ஜாக்கியை எடுங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன். வணக்கம்.